பவுத்திரமும் குடல் புழையும்: எதை எப்போது மூடுவது

சுபாங் ஜெயா எஸ்எஸ் 15 கடைவீடுகளின் வரிசையில் இரண்டு தெரு நடந்தால் கிளினிக்கும் மருந்தகமும் மாறி மாறி வரும். ஆசனவாய் ஓரத்தில் வலி, உட்கார முடியவில்லை, உள்ளாடையில் ஈரம் என்று தெரிந்ததும் பலர் முதலில் போவது மருந்தகத்துக்கு. வாங்குவது மூலத்துக்கான களிம்பு. சில நாளில் கட்டி தானே உடைந்து சீழ் வெளியேறும், வலி சட்டென்று அடங்கும். களிம்பு வேலை செய்துவிட்டது என்று அவர் நம்புவார். ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து அதே இடத்தில் மறுபடி வீக்கம், மறுபடி களிம்பு. வெட்கம் கூடச் சேர்ந்துகொண்டால் இது வருஷக்கணக்கில் ஓடும். மனைவிக்குக்கூடச் சொல்லாமல் கால்சட்டைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூலம் என்பது வீங்கிய இரத்த நாளம். அது இரத்தம் கசியும், பிதுங்கும். சீழ் பிடித்து ஒரே துளை வழியே திரும்பத் திரும்பக் கசியாது. அப்படிக் கசிந்தால் அது பெரும்பாலும் பவுத்திரம். ஆசனவாய்க்குள் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அவற்றில் ஒன்றின் வாய் அடைபட்டுக் கிருமி தொற்றினால் சீழ்க்கட்டி உண்டாகிறது. சீழ் தசைகளுக்கு நடுவே வழி தேடி வெளித்தோலில் வந்து உடைகிறது. கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை இந்த வழி அடைபடாமல் நிலைத்துவிடுகிறது. உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய், நடுவில் ஒரு புழை. வெளித்துளை எத்தனை தடவை மூடினாலும் உள்வாய் திறந்திருக்கும்வரை மலத்தின் கிருமி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மாத்திரையாலோ களிம்பாலோ புழை மூடாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஆண்களுக்கு இது பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. முப்பது, நாற்பது வயதுகளில் அதிகம். உட்கார்ந்தே வேலை செய்வதால் வந்தது என்று லாரி ஓட்டுபவர்களும் கிராப் ஓட்டுபவர்களும் தங்களையே குறை சொல்லிக்கொள்வதுண்டு. சுரப்பி அடைபடுவது உட்கார்வதால் அல்ல. புகைப்பழக்கத்துக்கும் சீழ்க்கட்டிக்கும் தொடர்பு இருப்பதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது.

கட்டி நிலையிலேயே ஒரு எச்சரிக்கை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஆசனவாய்க் கட்டி ஒரே இரவில் விரைப்பை வரை பரவித் தசையை அழுகவைக்கலாம். குளிர் காய்ச்சல், சிவப்பு பரவுதல், தோல் கறுத்தல், சிறுநீர் போக முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே செய்வது எளிய காரியம்: கீறிச் சீழை வடிய விடுவது. வடியாத சீழுக்கு ஆண்டிபயாடிக் மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பது நாளைக் கடத்துவதுதான்.

வெட்டுவதா, காப்பதா

பவுத்திர சிகிச்சையை இரண்டு அளவுகோலால் அளக்க வேண்டும். புழை மூடியதா என்பது ஒன்று. மலத்தையும் வாயுவையும் அடக்கும் சக்தி முன்போலவே இருக்கிறதா என்பது மற்றொன்று. விளம்பரங்கள் முதலாவதை மட்டும் பேசும். நோயாளி இரண்டையும் கேட்க வேண்டும், அதுவும் மேசையில் படுப்பதற்கு முன்பே.

காரணம் சுருக்குத்தசை. ஆசனவாயைச் சுற்றி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வளையங்கள். புழை இவற்றை எங்கே துளைக்கிறது என்பதை வைத்து 1976இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ் 400 நோயாளிகளை ஆராய்ந்து நான்கு வகை பிரித்தார்: இரு தசைகளின் இடைவெளியிலேயே இறங்குவது, வெளித்தசையைத் துளைத்துப் போவது, தசைக்கு மேலேறி இறங்குவது, தசைக்கே சம்பந்தமில்லாமல் வெளியில் ஓடுவது. இன்றும் அறுவை மருத்துவர்கள் பேசுவது இந்தப் பகுப்பில்தான். முதல் வகையும், தசையின் அடிப்பகுதியை மட்டும் துளைக்கும் தாழ்ந்த புழையும் சுலபம். புழையின் கூரையைத் திறந்துவிட்டு அடியிலிருந்து ஆறவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகும். உயர்ந்த புழையை அப்படித் திறந்தால் தசையும் சேர்ந்து வெட்டுப்படும். துளை மூடும், கட்டுப்பாடு போய்விடும்.

இந்த அறுவையின் வரலாற்றில் ஒரு அரசரின் பெயர் அழியாமல் நிற்கிறது. பிரான்சின் பதினான்காம் லூயிக்கு 1686 தொடக்கத்தில் கட்டி வந்து பவுத்திரமானது. ஒத்தடம், களிம்பு எல்லாம் தோற்றன. அறுவை மருத்துவர் சார்ல் பிரான்சுவா பெலிக்ஸ் மாதக்கணக்கில் ஏழை நோயாளிகள் மீது பழகிப் பார்த்து, இதற்கென்றே ஒரு வளைந்த கத்தியையும் செய்துகொண்டு, நவம்பர் 18 அன்று மயக்க மருந்தே இல்லாத காலத்தில் அரசரை அறுத்தார். மூன்று மாதத்துக்குள் லூயி குதிரை ஏறினார். அந்த ஏழைகளுக்கு என்ன ஆனது என்று அரண்மனைக் கதைகள் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் உடம்பில் கற்றது அது என்பதை இந்த நூல் மறக்க விரும்பவில்லை.

இன்று பழகிப் பார்க்க வேண்டியதில்லை, எம்.ஆர்.ஐ. இருக்கிறது. ஒரே ஒரு தாழ்ந்த புழைக்கு அது தேவைப்படாமல் போகலாம். ஏற்கெனவே ஒருமுறை அறுத்தும் திரும்ப வந்தவருக்கும், பல துளைகள் உள்ளவருக்கும், முன்பக்கத்தில் புழை உள்ள பெண்ணுக்கும் எம்.ஆர்.ஐ. இல்லாமல் கத்தி வைக்க விடக் கூடாது. பெண்களுக்கு முன்பக்கத்தில் தசை குட்டை. பிரசவத்தில் ஏற்கெனவே கிழிந்தும் இருக்கலாம். பிரசவ விவரத்தை மருத்துவர் கேட்காவிட்டால் தாங்களே சொல்லிவிட வேண்டும்.

உயர்ந்த புழைக்குப் பெரும்பாலும் முதல் படி ஒரு நூல். செட்டன் என்கிறார்கள். மெல்லிய ரப்பர் இழையைப் புழைக்குள் நுழைத்துத் தளர்வாக முடிச்சுப் போட்டு விடுவார்கள். வெளித்துளை மூடாது, சீழ் தேங்காது, மறுபடி கட்டி வராது. நோயாளிக்கு இது அறுவை முடிந்த பிறகும் ஏதோ மிச்சம் தொங்குவதுபோல் தோன்றும். உண்மையில் இந்த வாரங்களில்தான் உள்ளே அழற்சி அடங்குகிறது. நூலோடு வேலைக்குப் போகலாம், குளிக்கலாம், கார் ஓட்டலாம். தானாக இழுத்துப் பார்க்க வேண்டாம். அறுந்து விழுந்தால் மருத்துவமனைக்குத் தகவல் சொன்னால் போதும்.

அடுத்த படிக்கு நம் அண்டை நாடு ஒரு வழி கொடுத்தது. பேங்காக்கின் சுலாலொங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் அருண் ரோஜனசகுல் இரண்டு தசைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு சின்னக் கீறல் போட்டு, அங்கே ஓடும் புழையை இருபுறமும் கட்டி நடுவில் அறுத்துவிடும் முறையை 2007இல் அறிவித்தார். தசை ஒரு இழைகூட வெட்டுப்படுவதில்லை. அவருடைய முதல் 18 நோயாளிகளில் 17 பேருக்கு ஆறியது. லிப்ட் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியபோது ஆரம்பத்திலேயே சோதித்துப் பார்த்தவர்களில் மலேசியர்களும் உண்டு. கோத்தா பாரு ராஜா பெரெம்புவான் சைனாப் மருத்துவமனையின் குழு 45 நோயாளிகளின் முடிவை 2010இல் வெளியிட்டது: 37 பேருக்கு ஆறியது, அதாவது 82 விழுக்காடு. ஆற எடுத்தது நடுவாக ஏழு வாரம். திரும்ப வந்தவர்களுக்கு மூன்றிலிருந்து எட்டு மாதத்துக்குள் வந்தது. பேங்காக்கின் முதல் கணக்கைவிடக் கோத்தா பாருவின் கணக்கைத்தான் நோயாளி மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பலர் செய்யும்போது கிடைக்கும் வெற்றிக்கு அதுவே நெருக்கம், அதிலும் ஐவரில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு இரண்டாவது முயற்சி தேவைப்படும். அப்படித் தேவைப்பட்டாலும் தசை முழுசாக இருக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

உள்வாயைக் குடலின் உட்சுவரிலிருந்தே எடுத்த மடிப்பால் மூடும் முறையும் நன்று. லேசர் இழையால் புழையைச் சுட்டுச் சுருக்கும் முறைக்கு மூன்றில் இரண்டு பங்கு அளவு வெற்றி சொல்லப்படுகிறது. ‘லேசர், ஒரே நாளில் குணம்’ என்று யாராவது சொன்னால், வீட்டுக்குப் போவது ஒரே நாளில், ஆறுவது வாரக்கணக்கில் என்று திருத்திப் புரிந்துகொள்ள வேண்டும்.

காரநூல்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இந்த நோய் பற்றி வாய் திறந்தால், ‘ஊருக்குப் போய் நூல் கட்டிக்கொண்டு வா’ என்று சொல்ல ஒருவராவது இருப்பார். அதை எள்ளி ஒதுக்கத் தேவையில்லை. சுஸ்ருதர் காலம் முதல் பேசப்படும் முறை அது. வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி.ஜே. தேஷ்பாண்டே 1960களில் அதைப் புதுப்பித்தார். நூலுக்கு இலைக்கள்ளிப் பாலும், நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரமும், மஞ்சளுமாக மொத்தம் 21 முறை பூசிக் காயவைப்பார்கள். புழைக்குள் கட்டியபின் வாரம் ஒருமுறை புது நூல். நூல் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டே வர, பின்னால் சதை ஆறிக்கொண்டே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பல மையங்களில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் திரும்ப வந்தது காரநூலில் 4 விழுக்காடு, அறுவையில் 11 விழுக்காடு. ஆனால் ஆற எடுத்த காலம் நூலுக்கு எட்டு வாரம், அறுவைக்கு நான்கு. சென்னை தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் காரநூல் சிகிச்சை உண்டு.

மறந்துவிடக் கூடாதது ஒன்று: காரநூலும் கடைசியில் வெட்டும் நூல்தான். புழை உயரமாக இருந்தால் அதுவும் தசையை அறுக்கும், மெதுவாக. ஆகையால் எந்த நூலானாலும் புழையின் உயரம் முதலில் தெரிந்திருக்க வேண்டும். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இத்தகைய மருத்துவர்களுக்குப் பதிவை வகுத்திருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. வாங்கும் சூரணத்திலோ மாத்திரையிலோ ‘மால்’ என்று தொடங்கி ‘டி’ எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்ட சம்பவங்கள் இந்நாட்டில் பலமுறை நடந்திருக்கின்றன. ஸ்டீராய்டு வலியை மறைக்கும், சீழை வளர்க்கும்.

வீட்டில்

அறுவைக்குப் பிறகு பாதி வேலை குளியலறையில் நடக்கிறது. அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, மலம் கழித்த பின் கட்டாயம். உப்போ டெட்டாலோ தேவையில்லை. டெட்டால் புதுச் சதையை எரிக்கும். நம் வீட்டுக் கழிவறைகளில் இருக்கும் தண்ணீர்க் குழாய் இந்த நோயாளிக்கு நல்ல துணை. வேகத்தைக் குறைத்துக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, காஸ் துணி வைத்தால் போதும். கசிவுக்குச் சானிட்டரி பேட் வசதி. ஆண்கள் அதை வாங்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை. முதல் சில வாரம் மஞ்சள் நீரும் கொஞ்சம் இரத்தமும் கசிவது ஆறுதலின் பகுதிதான். நின்றுபோன வலி மீண்டும் துடிப்பாக ஏறினால், காய்ச்சல் வந்தால், அது வேறு.

மலம் இளகலாக, ஆனால் உருவோடு இருக்க வேண்டும். இசப்கோல் ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு, பப்பாளி, கீரை. மலமிளக்கியை அள்ளி விழுங்குவதும் தவறு. நீராகப் போகும் மலம் புண்ணுக்குள் எளிதில் இறங்கும்.

பத்தியம் பற்றி உறவுகள் நிறைய சொல்வார்கள். முட்டை சீழ் வைக்கும், கோழி அரிக்கும், மீன் ஆகாது. இவற்றையெல்லாம் கேட்டு வெறும் ரசம் சோறும் பிஸ்கட்டுமாக ஒரு மாதம் ஓட்டியவருக்குப் புண் ஆறாமல் நிற்பது இயல்பு, ஏனென்றால் புதுச் சதை கட்டப் புரதம் வேண்டும். இந்த மண்ணில் எல்லா இனத்தாரும் அறுவைக்குப் பின் விரால் சூப் குடிக்கிறார்கள். அது நல்ல புரதம், தாராளமாகக் குடிக்கலாம். முட்டையும் கோழியும் பருப்பும் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும். சம்பல் ஆறுதலைத் தடுக்காது, ஆனால் வெளியேறும்போது எரிக்கும். சிகரெட் தடுக்கும்.

அலுவலக வேலைக்கு ஓரிரு வாரத்தில் திரும்பலாம். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நாள் முழுக்க ஓட்டுபவருக்கும் சுமை தூக்குபவருக்கும் இன்னும் நாள் வேண்டும். எம்.சி. கேட்கும்போதே வேலை எப்படிப்பட்டது என்று மருத்துவரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

சாதாரணப் பவுத்திரம் அல்லாதபோது

சரியாகச் செய்த சிகிச்சைக்குப் பிறகும் ஆறவில்லை, துளைகள் கூடுகின்றன, எடை இறங்குகிறது, வயிற்று வலியும் போக்கும் உண்டு என்றால் இரண்டு நோய்களைத் தேட வேண்டும். ஒன்று காசநோய். அறுவையில் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்பது இதனால்தான். காசநோய் என்று உறுதியானால் மாத்திரையாலேயே பெரும்பாலும் ஆறும். மற்றொன்று குரோன் நோய். இது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமேகூட வெகுகாலம் இருந்தது. பேராக் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, குரோன் உள்ளிட்ட குடல் அழற்சி நோய்கள் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களிடையே தெளிவாகவே அதிகம் என்று காட்டியது. தமிழ்க் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

குரோன் பவுத்திரத்தில் கத்தியை முந்திக்கொண்டு எடுக்கக் கூடாது. முதலில் நூல், பிறகு மருந்து. 1999இல் வெளியான 94 பேர் ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் இன்ப்ளிக்சிமாப் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குப் புழைகள் எல்லாம் மூடின. வெறும் நீர் மருந்து பெற்றவர்களில் 13 விழுக்காடுதான். குடலை உள்ளே ஸ்கோப் வைத்துப் பார்ப்பதும், ஊசி போடுமுன் காசநோய்க்குச் சோதிப்பதும் கட்டாயம், மறைந்திருக்கும் காசநோயை இந்த மருந்து எழுப்பிவிடும். 2018இல் ஐரோப்பா அனுமதித்த தண்டணு ஊசி பெரிய நம்பிக்கை தந்தது; அடுத்த பெரிய ஆய்வில் தேறாததால் 2024இல் அங்கே சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்னும் தண்டணு என்று பணம் கேட்பவர்களிடம் இந்தச் செய்தியைச் சொல்லலாம்.

குடலிலிருந்து வயிற்றுத் தோலுக்கே வழி ஏற்படும் குடல் புழை இதைவிடக் கடுமையானது. பெரும்பாலும் வயிற்று அறுவைக்குப் பிந்திய முதல் வாரங்களில் கட்டு பச்சையாகவோ மஞ்சளாகவோ நனையும்போது தெரியவரும். குடும்பம் பதறி ‘உடனே திறந்து தைத்துவிடுங்கள்’ என்று மன்றாடும். அந்த நேரத்தில் குடல் ஈரத்தாள் போலக் கிழியும். தைத்தால் இன்னொரு புழை. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 1960இல் வெளியிட்ட கணக்கில் இந்த நோயாளிகளில் 43 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். அந்த நிலையை மாற்றியது வரிசை. முதலில் உள்ளே தேங்கிய சீழை வடித்து, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்து, தோலைக் காத்து, ஊட்டம் கொடுத்து, பிறகுதான் அறுவையைப் பற்றி யோசிப்பது. 1960களின் இறுதியில் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி டட்ரிக் இரத்த நாளம் வழியே முழு ஊட்டத்தையும் செலுத்தும் வழியைக் காட்டியபின் காத்திருப்பது சாத்தியமாயிற்று. தொற்று அடங்கிய நாலைந்து வாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு புழை தானே மூடும். மூடாததற்கு மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, வயிற்றுக்குள் ஒட்டல்கள் இளகிய பிறகு அறுவை.

நாளுக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் கசிந்தால் அது அதிகக் கசிவு. இந்த நோயாளிக்குத் தாகம் எடுக்கும். வெறும் தண்ணீரும் தே ஓவும் குடிக்கக் குடிக்கக் கசிவு கூடி உப்பு இன்னும் வெளியேறும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதனால் வெறும் நீரைக் குறைத்து, மருத்துவர் அளவு சொல்லும் உப்பு, குளுக்கோஸ் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் சொல்வார்கள். துளையைச் சுற்றிய தோலைக் குடல் நீர் செரித்துவிடும் என்பதால் கட்டுத்துணிக்குப் பதில் அளவாக வெட்டி ஒட்டும் பை வேண்டும். அதை ஒட்டக் கற்றுத்தரும் ஸ்டோமா தாதி இந்த வீட்டுக்கு மருத்துவருக்கு இணையான ஆள். வெளியான அளவைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த சந்திப்பில் பேச்சு சுருக்கமாகும், முடிவு தெளிவாகும்.

எங்கே, எவ்வளவு

சுபாங் ஜெயாவாசிக்கு 1985 முதல் இயங்கும் சுபாங் ஜெயா மருத்துவ மையம் போன்ற தனியார் மருத்துவமனைகள் பக்கத்திலேயே உண்டு. காப்புறுதியை நம்பிப் போகிறவர் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்: மலேசிய மருத்துவக் காப்புறுதிகளில் வழக்கமாக, எடுத்த முதல் 120 நாளுக்கு விலக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் மூலத்தோடு பவுத்திரமும் இருக்கும். கட்டி வந்தபின் காப்புறுதி எடுத்தால் உதவாது. ஜி.எல். எனும் உத்தரவாதக் கடிதம் கிடைத்தாலும் எம்.ஆர்.ஐ.யும் இரண்டாம் அறுவையும் அதில் அடங்குமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும், பவுத்திரம் ஒரே அறுவையில் முடியாமல் போகலாம்.

அரசு வழியில், குடியுரிமை உள்ளவர் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்துப் பார்த்து, கடிதம் வாங்கிக்கொண்டு, ஐந்து வெள்ளிக்கு ஷா ஆலாமிலோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமாவிலோ நிபுணரைப் பார்க்கலாம். சிக்கலான புழைக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கோலாலம்பூர் மருத்துவமனையிலும் பெருங்குடல் அறுவை நிபுணர்கள் இருக்கிறார்கள். காத்திருக்கும் நாள் நீளும். நூல் போட்டுச் சீழ் வடிந்துகொண்டிருந்தால் அந்தக் காத்திருப்பால் தீங்கில்லை.

ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எம்.ஆர்.ஐ. வட்டையும் அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உள்வாய் எந்தத் திசையில் இருந்தது, தசையில் எவ்வளவு வெட்டப்பட்டது, நூல் எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற மூன்றும் அதில் இருக்கும். அடுத்த மருத்துவர் முதலில் தேடுவது அவற்றைத்தான்.